உப்பு சரி என்று எழுதியவன்

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கழக்கூட்டத்தில் ஒரு ஐ.டி. வளாகத்தின் கேண்டீனில் பத்தொன்பது வருஷம் நான் முட்டைக்கோஸ் சமைத்தேன். தோரன், கூட்டு, சாலட், ஸ்லா, உள்ளே பூரணம் வைத்த ரோல் என்று எல்லாம் செய்தேன். அதில் ஒரு வாய்கூட நான் சாப்பிட்டதில்லை. எனக்கு முட்டைக்கோஸ் ஆகாது. டாக்டர் சொல்லி ஆகாமல் போனதில்லை. வாசம் மூக்கில் ஏறியதும் தொண்டைக்குள் ஒரு ஷட்டர் இறங்கிவிடும், அவ்வளவுதான். இந்த லட்சணத்தில் கடைசி ஐந்து வருஷம் அங்கே சாலட் கவுண்டருக்கே நான்தான் பொறுப்பு. நீச்சல் தெரியாத ஆளைக் குளத்துக்குக் காவல் போட்ட மாதிரி, தலையில் வெள்ளைத் தொப்பியும் நெஞ்சில் பேட்ஜுமாக நின்றேன்.

இதை இப்போது எழுதக் காரணம் பினு. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த அடுக்களையில் என் இடத்தில் நிற்பவன். போன மாசம் போன் செய்தான்.

"அண்ணாச்சி, இப்ப கேபேஜ் நறுக்கண்ட, கழுவண்ட. எல்லாம் ரெடியாயிட்டு கவர்ல வருது. கவரைக் கிழிச்சுக் கொட்டினா மதி."

"தண்டு?"

"ஏது தண்டு?"

"முட்டைக்கோஸ் தண்டுலே. நடுவுல வெள்ளையா இருக்குமே."

"அதெல்லாம் கம்பெனியிலேயே களைஞ்ஞிடும். எதுக்குக் கேக்கிய?"

சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் அவன், கேண்டீன்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மலர் போடுவதாகவும், தமிழ் ஆட்களுக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருப்பதாகவும் சொன்னான். "அண்ணாச்சி தமாஷா ஒண்ணு எழுதணும், கேட்டோ." தமாஷாகத்தான் உட்கார்ந்தேன். தண்டு தொண்டையில் சிக்கிக்கொண்டது.

வேலை கற்றுக்கொண்ட கதை சின்னது. அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் திருவனந்தபுரம் வந்தேன். ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்கு நடுவே ஒரு தமிழ் ஆள் நடத்திய சாப்பாட்டுக்கடையில் சேர்ந்தேன். முதல் ஆடி மாசத்திலேயே மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த லாரி ஒன்று மழையில் வழியில் நின்று, மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்தது. மூட்டை மூட்டையாக முட்டைக்கோஸ், மேல் இலையெல்லாம் கொழகொழவென்று அழுகி. மொத்தக் கடைக்காரர் அதைச் சும்மா கொடுத்தார். சும்மா வந்ததை விட எங்கள் முதலாளிக்கு மனசில்லை. அழுகிய இலையை உரித்து உரித்து உள்ளே இருக்கும் நல்ல உருண்டையை எடுக்கும் வேலை எனக்கு. மூன்று நாள் உரித்தேன். அந்த மூன்று நாளும் மூன்று வேளையும் எங்களுக்குச் சாப்பாடும் அதே முட்டைக்கோஸ்தான். நாலாவது நாள் ஷட்டர் இறங்கியது. அதற்குப் பிறகு அது ஏறவே இல்லை.

மற்றபடி கை நன்றாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு முடி கனத்துக்கு நறுக்குவேன். கல்யாணம், மெஸ், ஆஸ்பத்திரி கேண்டீன் என்று சுற்றி, கடைசியில் கழக்கூட்டம்.

அங்கே கிச்சன் மேனேஜர் வர்கீஸ் சார். கப்பலில் சமைத்தவர். பெரிய மீசை. மற்ற மேனேஜர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். உச்சக் கோபத்தில் பேசினால் நாம் குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் ஏதோ ரகசியமாகப் பாராட்டுகிறார் என்று நினைப்பார்கள். சட்டைப்பையில் ஒரு ஸ்பூன் வைத்திருப்பார், வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி. எந்தப் பாத்திரம் திறந்தாலும் கைக்குட்டையைப் பிரிப்பார், ஒரு ஸ்பூன் எடுப்பார், வாயில் போட்டுக்கொண்டு மேலே எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்ப்பார். மனசுக்குள் பத்து எண்ணுவார் போல. பிறகு தீர்ப்பு. "ம்" என்றால் நன்றாக இருக்கிறது. "போரா" என்றால் இன்னும் வேண்டும். "ஆஹா" என்றால் அன்றைக்கு யாரோ ஒருத்தன் தொலைந்தான்.

அவர் கொண்டுவந்த ஒரு ரிஜிஸ்டர் உண்டு. எந்தப் பண்டமும் மேலே போகுமுன் தலைமைச் சமையல்காரன், அதாவது நான், ருசி பார்க்கவேண்டும். பார்த்து, பண்டத்தின் பேர், நேரம், உப்பு எப்படி, கையெழுத்து என்று எழுதவேண்டும். உப்புக் கட்டத்தில் நான் "உப்பு சரி" என்று எழுதுவேன். எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ, மற்ற எழுத்தெல்லாம் கோழி கிளறிய மாதிரி இருக்கும், அந்த இரண்டு சொல் மட்டும் அச்சடித்த மாதிரி விழும்.

அவருடைய இன்னொரு ஏற்பாடுதான் தண்டு. ஸ்லா என்பது மயோனைஸில் பிசறிய பச்சை முட்டைக்கோஸ் சாலட், அதற்கு முட்டைக்கோஸைப் பக்குவப்படுத்தும் முறையைச் சொன்னால்தான் இது விளங்கும். உருண்டையை நாலாகப் பிளந்து தண்டை ஆப்பு மாதிரி வெட்டி எடுத்துவிட வேண்டும். இலையை மெல்லிசாக நறுக்கி, கல்லுப்பைத் தாராளமாகத் தூவிப் பிசறி அரை மணி நேரம் விட வேண்டும். இலை தன் தண்ணீரை விட்டுத் துவளும், ஆனால் கடித்தால் நறுக்கென்று இருக்கும். பிறகு நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும். இந்த அலசல்தான் உயிர். தூவிய உப்பில் பெரும்பங்கு அதில்தான் போகும். அலசியதைத் துணியில் கட்டிப் பிழிந்தபின் மயோனைஸ் கலக்கலாம். உப்புப் போடாமலே கலந்தால் பத்தாவது நிமிஷம் ஸ்லா தண்ணீர்விட்டு, பாயசத்தில் இலை மிதக்கிற மாதிரி ஆகிவிடும்.

சிக்கல் என்னவென்றால், உப்பில் கிடக்கும் முட்டைக்கோஸும் அலசிய முட்டைக்கோஸும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் அடுக்களையில் மலையாளம், தமிழ், வங்காளம், அசாமி என்று நாலு பாஷை. சீட்டு எழுதி வைத்தால் நனைந்து கிழியும். வர்கீஸ் சார் ஒரு வழக்கம் போட்டார். உப்புப் போட்டதும் அந்தப் பிளாஸ்டிக் டப்பில் ஒரு தண்டைக் குத்தி நிறுத்த வேண்டும். தண்டு நின்றால் உள்ளே உப்பு இருக்கிறது, யாரும் தொடக்கூடாது. அலசி முடித்தவன்தான் தண்டைப் பிடுங்க வேண்டும். தண்டு இல்லையென்றால் பிழியலாம். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். டப்பைக் கடந்து போகும்போது பூட்டு தொங்கும் கதவைப் பார்ப்பதுபோல எல்லோரும் அந்தத் தண்டைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

முட்டைக்கோஸ் ரோலைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் பினு கோபிப்பான். வர்கீஸ் சார் கப்பலில் கற்றது. முழு இலையை வெந்நீரில் முக்கி, நடு நரம்பைச் சீவி, உள்ளே மசாலாச் சோறும் கொத்துக்கறியும் வைத்துச் சுருட்டி, தக்காளிச் சாற்றில் வேகவைப்பது. முந்நூறு ரோல் காலையிலிருந்து நான் சுருட்டினேன். சாப்பாடு முடிந்து தட்டுகள் திரும்பி வந்தன. தட்டுக்குத் தட்டு முட்டைக்கோஸ் இலை! ஐ.டி. பிள்ளைகள் இலையைப் பிரித்து, உள்ளே இருந்ததை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு, இலையைப் பவ்வியமாக இரண்டாக மடித்து வைத்திருந்தார்கள். இலையடை தின்று வளர்ந்த ஊர். இலையில் பொதிந்து வந்தால் இலை தின்பதற்கில்லை. வர்கீஸ் சார் மடித்த இலைகளை வெகுநேரம் பார்த்தார். "ஆஹா" என்றார். தொலைவதற்கு ஆள் இல்லை, செய்யச் சொன்னதே அவர்தான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அடுக்களையில் நான்தான் கோமாளி என்று முடிவானதும் அன்றுதான். மடித்த இலைக்கு முன்னால் கைகூப்பி நின்று, "சாப்பாடு திருப்தி" என்று நான் சொன்னதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கோமாளிப் பட்டம் கிடைத்தவனுக்கு ஒரு வியாதி வரும். நாலு பேர் முகம் இறுகியிருந்தால் அவனால் சும்மா இருக்க முடியாது.

இனி ஸ்டெல்லா.

ஸ்டெல்லாவுக்குப் பொன்முடி. தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் குடும்பம், தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மலையேறியவர்கள். கழக்கூட்டத்தில் ஹாஸ்டலில் தங்கி எங்கள் கேண்டீனில் பாத்திரம் கழுவினாள், ஆறு வருஷம். தட்டு ரேக்கைத் தள்ளிக்கொண்டு என் மேடையைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒருநாள் நான் சாலட்டைச் சுவைக்கிற பாவனையில் வெறும் ஸ்பூனை நக்கிக் கண்ணை மூடி "அமிர்தம்!" என்று சொன்னபோது பக்கத்தில் நின்றவள் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஸ்பூன்ல ஒண்ணுமே இல்லையே?"

பத்து வருஷத்தில் அதைக் கவனித்த ஒரே ஆள். வேறு வழியில்லாமல் ஷட்டர் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். ஒரு சிட்டிகை வைத்தேன். வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கு. ஒரு எலுமிச்சம்பழம் கூடப் பிழிஞ்சா கொள்ளாம்" என்றாள். பிழிந்தேன். வர்கீஸ் சார் ஃபேனைப் பார்த்தார், "ம்" என்றார்.

அன்றிலிருந்து என் நாக்கு அவள் வாயில் இருந்தது. எங்களுக்குள் ஒரு சைகை உண்டாயிற்று. ரேக்கைத் தள்ளிக்கொண்டு வருவாள், உள்ளங்கையில் சிட்டிகை வைப்பேன், போய்க்கொண்டே கையைக் காட்டுவாள். ஒரு விரல் என்றால் சரி, இரண்டு விரல் என்றால் உப்பு கம்மி, மூடிய முஷ்டி என்றால் கூடுதல். நான் வெறும் ஸ்பூனை நக்கிவிட்டு ரிஜிஸ்டரில் எழுதுவேன். முருகேசனுடைய நாக்கு பொன் நாக்கு என்று அடுக்களையில் எனக்குப் பேர்.

ஸ்டெல்லா நாக்கோடு நிற்கவில்லை. வேலை ஓய்ந்த நேரத்தில் என் கத்தியை வாங்கி நறுக்கிப் பழகினாள். மயோனைஸ் முழுதாக வேண்டாம், பாதிக்குக் கெட்டித் தயிர் சேர்ப்போம், வினிகருக்குப் பதில் பச்சை மாங்காயைத் துருவிப் போடுவோம் என்றது அவள். முட்டைக்கோஸும் மாங்காயும் சேர்ந்து வாயில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. வர்கீஸ் சார் ஃபேனைப் பார்த்து "ம்" என்றார். நிறுத்தி, இன்னொரு தடவை "ம்" என்றார். அவர் சரித்திரத்தில் இரண்டு "ம்" வாங்கிய பண்டம் அது ஒன்றுதான். "இது நின்றெயோ?" என்று என்னைக் கேட்டார். அந்த ஒரு நாள் நான் யோக்கியனாக இருந்தேன். "இல்ல சார், ஸ்டெல்லாது" என்றேன்.

அப்புறம்தான் அந்தக் கவுண்டர் பேச்சு வந்தது. வளாகத்துக்காரர்கள் மூன்றாவது மாடியில் சாலட்டுக்கு மட்டும் தனிக் கவுண்டர் திறப்பதாக இருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் அவர்களில் மூன்று அதிகாரிகள் வந்து சாப்பிட்டுப் பார்ப்பார்கள், பிடித்தால் கவுண்டர் எங்களுக்கு. கவுண்டர் வந்தால் பொறுப்பு ஸ்டெல்லாவுக்கு என்று வர்கீஸ் சார் சொல்லிவிட்டார். கழுவும் இடத்திலிருந்து மேலே போகிற முதல் ஆள். அவளுக்கு யூனிபார்ம் தைக்கக் கொடுத்தாயிற்று.

"தொப்பி வச்சு ஒரு போட்டோ எடுத்துத் தரணும் அண்ணாச்சி. அம்மைக்கு அனுப்பணும். ஆறு வருஷமா எச்சிப் பாத்திரம்னு சொல்லிட்டிருக்கு."

"தொப்பிய மட்டும் தனியா எடுத்து அனுப்புவோமா? அதான் உன் மூஞ்சிய விட நல்லாருக்கும்."

"அண்ணாச்சி தலையில வச்சா தொப்பி ஓடிப் போவும்."

அந்த நாள் காலையில் எல்லோர் முகமும் இறுகிக்கிடந்தது. முப்பது கிலோ முட்டைக்கோஸ் நறுக்கினோம். உப்புப் போட்டவன் நான். தண்டைக் குத்தியவனும் நான். அரை மணி கழித்து அலச வேண்டியவனும் நான்தான். பத்தரைக்கு அலசப் போனேன். வர்கீஸ் சார் மேலே அதிகாரிகளுக்கு மேஜை போடப் போயிருந்தார். யாரும் பேசவில்லை. கத்திச் சத்தம் மட்டும். எனக்கு வியாதி வந்துவிட்டது.

தண்டைப் பிடுங்கினேன். டப்பாக்களில் தேதி எழுதும் மார்க்கரை எடுத்து அதில் இரண்டு கண், ஒரு பெரிய மீசை வரைந்தேன். கைக்குட்டையால் அதைச் சுற்றினேன். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பத்து எண்ணினேன். பிறகு அடிக்குரலில், "ஆஹா!"

அடுக்களையே சிரித்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். வங்காளத்து ஆட்களுக்குக்கூடப் புரிந்தது. கழுவும் பக்கத்திலிருந்து ஸ்டெல்லாவின் சிரிப்பும் கேட்டது, அவளுக்குச் சுவர் மறைப்பு, என்ன காட்டுகிறேன் என்று தெரியாது. அதே சமயம் யாரோ "சாம்பார் பொங்குது" என்று கத்தினார்கள். தண்டை எங்கே போட்டேன் என்றே நினைவில்லை, அடுப்புக்கு ஓடினேன். பெரிய அண்டா, அடிப்பிடித்துவிட்டது. அதை மாற்றிச் சரிப்படுத்தி வர இருபது நிமிஷம்.

திரும்பி வந்தபோது ஸ்லா தயார். ஸ்டெல்லா பிழிந்து, மாங்காய் துருவிப் போட்டு, தயிரும் மயோனைஸும் கலந்து, மூடி வைத்திருந்தாள். தண்டு இல்லாத டப்பு, பிழிய வேண்டியது என்று பிழிந்துவிட்டாள். அதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை, வழக்கம் அப்படி. நான் அலசினேனா என்று ஒரு கேள்வி எனக்குள் வந்தது. வராமல் இல்லை. வந்தது. அவளே அலசியிருப்பாள் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, யூனிபார்ம் வந்தாச்சு. மேல வரச் சொல்லுதாங்க" என்றாள். "கலவை பத்து நிமிஷம் ஊறணும், எனக்கு நிக்க நேரமில்ல. இன்னைக்கு ஒரு நாள் நீங்களே பாத்துக்கிடுங்க."

"போ, நான் பாத்துக்கிடுதேன்."

"கண்டிப்பா பாக்கணும், கேட்டோ."

"ஏ, போ பிள்ள. தொப்பிய நேரா வை."

பத்து நிமிஷம் கழித்து மூடியைத் திறந்தேன். ஸ்பூனில் எடுத்தேன். நிஜமாகவே எடுத்தேன். உதட்டுவரை கொண்டுபோனேன். ஆரியசாலை மழை மூக்கில் ஏறியது. ஷட்டர் இறங்கியது. ஸ்பூனைக் கழுவி, வெறும் ஸ்பூனை நக்கினேன். பழக்கம், கண்ணைக்கூட மூடினேன். ரிஜிஸ்டரில் எழுதினேன். உப்பு சரி. கையெழுத்து.

அதிகாரிகளில் ஒருவர் முதல் வாயிலேயே தண்ணீர் கிளாஸைத் தேடினார். இன்னொருவர் வாயைத் துடைக்கிற மாதிரி டிஷ்யூ பேப்பருக்குள் துப்பினார். மூன்றாவது ஒரு அம்மாள், நல்ல மனசுக்காரி, "கொறச்சு உப்பு கூடிப்போயோ?" என்றார். வெள்ளைத் தொப்பியோடு கவுண்டருக்குப் பின்னால் ஸ்டெல்லா நின்றாள். வர்கீஸ் சார் கைக்குட்டையைப் பிரித்தார். மூன்றாவது மாடியில் ஃபேன் கிடையாது, வெறும் சீலிங்கைப் பார்த்தார்.

"ஆஹா."

எங்களிருவரையும் கீழே ஸ்டோருக்குக் கூப்பிட்டார். ரிஜிஸ்டர் அவர் கையில். எங்களிடம் அவர் பேசுவது மலையாளச் சட்டை போட்ட தமிழ். குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"பிழிஞ்சது ஆரு?"

"ஞான் சார்" என்றாள் ஸ்டெல்லா. "தண்டு இல்ல சார். அதான் அலசியாச்சுன்னு..."

"முருகேசா. தண்டு எடுத்தது நீயோ?"

"ஆமா சார்."

"கழுகிட்டு எடுத்தோ, கழுகாதெ எடுத்தோ?"

அவருடைய விரல் என் கையெழுத்தின் மேல் இருந்தது. அலசாமல் எடுத்தேன் என்றால், அடுத்த கேள்வி, பிறகு எப்படி உப்பு சரி என்று எழுதினாய். அதற்குப் பதில் சொன்னால் பதினாலு வருஷத்துக் கையெழுத்தும் பொய் என்று ஆகும். தமாஷுக்குத் தண்டைப் பிடுங்கினேன் என்றுகூடச் சொல்லியிருப்பேன். வெறும் ஸ்பூனை நக்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அலசிட்டுத்தான் சார் எடுத்தேன்."

"ருசி நோக்கியப்போ?"

"சரியாத்தான் இருந்துச்சு சார்."

"அப்போ பிறகு உப்பு இட்டிருக்கு" என்றார் வர்கீஸ் சார், ஸ்டெல்லாவைப் பார்த்து. பதற்றத்தில் அவள்தான் இன்னொரு பிடி போட்டுவிட்டாள் என்று அவருக்கு அர்த்தமாகிவிட்டது. குரல் இன்னும் இறங்கியது. "நீ கீழே போய்க்கோ, ஸ்டெல்லா. யூனிபார்ம் கழற்றி வை."

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. கை மட்டும் மூடியிருந்தது. எங்கள் சைகையில் அதற்கு உப்பு கூடுதல் என்று பொருள். அன்று அவள் சைகை ஏதும் காட்டவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அதிகாரிகளிடம் வர்கீஸ் சார் கேட்டுக்கொண்டு அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு வாங்கினார். அதற்கு நம்பகமான கை வேண்டும் என்றார். பொன் நாக்குள்ள கை. தொப்பி என் தலைக்கு வந்தது. ஓடிப் போகவில்லை, நன்றாகவே உட்கார்ந்தது. அந்த மாங்காய் ஸ்லாவைத்தான் செய்தேன், மூன்று தடவை அலசி. கவுண்டர் கிடைத்தது.

ஸ்டெல்லா மூன்று மாசம் கழுவும் இடத்தில் இருந்தாள். ஒருநாள் வெட்கமில்லாமல் சிட்டிகையை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கம் நீட்டினேன். அவள் குழாயை முழுசாகத் திறந்தாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் நான் திரும்பி வந்தேன். நாலாவது மாசம் அவள் வரவில்லை. வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. நானும் கேட்காத பேர்களில் ஒருத்தனாக நின்றுகொண்டேன்.

வர்கீஸ் சார் ஓய்வு பெற்ற அன்று சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் என் தோளில் கை போட்டு, "முருகேசா, நின்றெ நாக்கு பொன்னாக்கு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கைதட்டியது எதற்கு என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இது இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். போன மழைக்காலம் முடிந்து என் மகள், மருமகன், பேத்தி எல்லோரும் பொன்முடி பார்க்கக் கிளம்பினார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மலையேறுமுன் கல்லாறில் வண்டியை நிறுத்தினோம். ஆற்றோரம் தகரக்கூரை போட்ட ஒரு கடை, வெளியே 'ஊண்' என்று பலகை. நாலு மேஜை. இலை போட்டுப் பரிமாறிக்கொண்டு வந்தவள் என் இலைக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, தொப்பி எங்க?"

தலையில் கொஞ்சம் நரை. அதே கண். மகளிடம், "கூட வேலை பார்த்தவங்க" என்று அறிமுகப்படுத்தினேன். மகள் கும்பிட்டாள். "உங்க அப்பா நல்லாச் சிரிக்க வைப்பாரு" என்றாள் ஸ்டெல்லா. அம்மா போய்விட்டதாகவும், கடை ஏழு வருஷமாக நடப்பதாகவும் சொன்னாள். அம்மாவுக்கு அனுப்ப நினைத்த போட்டோவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சாப்பிட்டு முடித்து அவர்கள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கப் போனார்கள். முழங்கால் வலி என்று நான் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் மேஜை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லா, அன்னைக்கு அந்தத் தண்டு..."

"நீங்கதான் எடுத்தீங்க. அலசாம."

"யாரு சொன்னா?"

"தண்டுதான் சொல்லிச்சு. அன்னைக்குச் சாயங்காலம் தண்ணி போவலன்னு சாக்கடைச் சல்லடை மூடியைத் தூக்கினேன். உள்ள கிடந்துச்சு. கண்ணு, மீசை எல்லாம் வரைஞ்சு. ஓ, இதுக்குத்தானா எல்லாரும் சிரிச்சாங்கன்னு அப்பதான் புரிஞ்சுது. காலையில நானும் சிரிச்சேன் அல்லே, என்னான்னு தெரியாம."

"அப்புறம் ஏன் சார்கிட்டச் சொல்லல?"

"நான் சொன்னா பாத்திரம் கழுவுறவ தப்பிக்கப் பாக்கான்னு சொல்லுவாங்க. நீங்க சொன்னாத்தான் எடுபடும்." மேஜைத் துணியைப் பிழிந்தாள். "சொல்லுவீங்கன்னு மூணு மாசம் பாத்தேன்."

நான் பேசினேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. ரிஜிஸ்டர், வெறும் ஸ்பூன், பயம், வெட்கம், பொன் நாக்கு எல்லாம் கொட்டினேன். நடுவில் ஒரு தமாஷ்கூடச் சொன்னேன், அதுதான் என் யோக்கியதை. அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சின்னக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மெல்லிசாக நறுக்கிய முட்டைக்கோஸ், தயிர், மாங்காய்த் துருவல். சற்று முன் சாப்பாட்டோடு வைத்தபோது நான் இலையின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டது அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

"பாருங்க" என்றாள்.

எடுத்தேன். மூக்கைப் பிடிக்காமல், கண்ணை மூடாமல், வாயில் போட்டுக்கொண்டேன். ஷட்டர் இறங்கப் பார்த்தது. விடவில்லை. மென்றேன். முதலில் புளிப்பு, பிறகு நறுக்கென்ற சத்தம், பிறகு அந்தப் பழைய வாசம். கண்ணில் தண்ணீர் வந்தது, அது முட்டைக்கோஸுக்கா வேறு எதற்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கிண்ணம் காலியாகும்வரை தின்றேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகு.

பழைய பழக்கத்தில் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"உப்பு சரியா இருக்கு" என்றேன்.

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் எழுதி வச்சீங்க" என்றாள்.